கைப்பிணைப்பு மணம்: சொல்லும் சாட்சியும்

ஆங்கிலத்தில் ஹேண்ட்ஃபாஸ்டிங் என்று அழைக்கப்படும் கைப்பிணைப்பு மணம், இன்று பிரிட்டன், அயர்லாந்து, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் பேகன் சமயத்தவர் நடத்தும் திருமணச் சடங்கு. மணமக்கள் கைகளைக் கோத்து நிற்க, அக்கைகளை வண்ணக் கயிறுகளாலோ நாடாக்களாலோ சுற்றிக் கட்டுவர். உறவினரும் நண்பர்களும் வட்டமாகச் சூழ்ந்து நிற்பர். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டு மரபுகளை மீட்டெடுக்க 20ஆம் நூற்றாண்டில் தோன்றிய பல இயக்கங்களுக்குப் பேகன் சமயம் என்பது பொதுப்பெயர்.

இச்சடங்கு பண்டைய கெல்டிக் மக்களிடமிருந்து மாறாமல் வந்தது என்றும், ஓராண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் சோதனைத் திருமணமாக இருந்தது என்றும் பரவலாக நம்பப்படுகிறது. ஆவணங்கள் காட்டும் வரலாறு வேறு. சொல் பழையது, கயிறு புதியது. இடைக்காலத்தில் கைப்பிணைப்பு கிறிஸ்தவத் திருச்சபைச் சட்டத்துக்கு உட்பட்ட திருமண ஒப்பந்தமாக இருந்தது. பழைய வழக்கத்தையும் இன்றைய சடங்கையும் இணைப்பது ஒரு கேள்வி: இருவர் தமக்குள் சொல்லிக்கொண்ட சொல் திருமணமாகுமா, அதற்கு யார் சாட்சி?

பெயர்

ஹேண்ட்ஃபாஸ்ட் என்னும் சொல் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கையடித்து ஒப்பந்தத்தை உறுதி செய்தல் என்பது அதன் முதற்பொருள். இடைக்கால ஆங்கிலத்திலும் ஸ்காட்ஸ் மொழியிலும் அது மணவுறுதியைக் குறித்தது. தமிழில் ‘கைப்பிடித்தல்’ என்பது மணத்தலைக் குறிப்பதைப் போல, அங்கும் கை கோத்தல் சொல்லுக்கு அடையாளமாயிற்று. பழைய பதிவுகளில் பேசப்படுவது கைகளைப் பற்றிக்கொள்வதே. கயிற்றால் கட்டுவது அன்றைய கைப்பிணைப்பின் பகுதி அல்ல.

இடைக்காலச் சட்டம்

12ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டரின் (1159–1181) தீர்ப்புகள் வழியாக மேற்கு ஐரோப்பியத் திருமணச் சட்டம் உறுதியான வடிவம் பெற்றது. அதன் அடிப்படை, திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம் என்பது. ‘உன்னை மனைவியாக ஏற்கிறேன்’, ‘உன்னைக் கணவனாக ஏற்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொன்னால் அக்கணமே திருமணம் ஆகிவிடும். ‘ஏற்பேன்’ என்று எதிர்காலத்தில் சொன்னால் அது நிச்சயம் மட்டுமே. ஆனால் அதன்பின் உடலுறவு நிகழ்ந்தால் அதுவும் முழுத் திருமணமாகும். பாதிரியாரோ தேவாலயமோ பெற்றோரின் இசைவோ இல்லாவிட்டாலும் அது செல்லும்.

ஆகவே வீட்டிலும் வயலிலும் மரத்தடியிலும் மதுக்கடையிலும்கூடத் திருமணங்கள் நடந்தன. இளையோருக்கு இது பெரும் சுதந்திரம். பெற்றோர் விரும்பாத ஒருவரையும் சட்டப்படி மணக்க முடிந்தது. அதே சட்டம் பெரும் ஆபத்தையும் கொண்டிருந்தது. தனிமையில் சொன்ன சொல்லை ஒருவர் பின்னாளில் மறுத்தால், மற்றவரால் நிறுவ இயலாது. திருச்சபை நீதிமன்றம் பொதுவாக இரு சாட்சிகளைக் கேட்டது. சாட்சி இல்லையென்றால் கடவுளின் முன் மனைவியான பெண், நீதிமன்றத்தின் முன் மனைவி ஆகமாட்டாள். அவள் குழந்தையும் முறையான வாரிசாகாது. இடைக்கால இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களுக்கு வந்த திருமண வழக்குகளில் பெரும்பாலானவை மணவிலக்குக் கோரியவை அல்ல, திருமணம் நடந்ததா இல்லையா என்று கேட்டவை.

1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதைக் கட்டுப்படுத்த முயன்றது. திருமணத்தை முன்கூட்டியே தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது, மறைவான திருமணங்களைத் தடை செய்தது. ஆனால் தடையை மீறி நடந்த திருமணம் செல்லாது என்று சொல்லவில்லை. ஆகவே கைப்பிணைப்பு தொடர்ந்தது. குடும்பங்கள் அதற்குத் தாங்களே காப்பு ஏற்படுத்திக்கொண்டன. உற்றாரை அழைத்து, அவர்கள் காணக் கைகளைச் சேர்த்து, விருந்து வைத்தனர். அவ்விருந்து கொண்டாட்டமாகவும் பின்னாளில் வழக்கு வந்தால் சான்றாகவும் பயன்பட்டது.

ஷேக்ஸ்பியர் சாட்சியான வழக்கு

சாட்சியின் வலிமையையும் வரம்பையும் காட்டும் வழக்கு ஒன்று 1612ஆம் ஆண்டு லண்டனில் நடந்தது. சில்வர் தெருவில் வாழ்ந்த கிறிஸ்டோபர் மவுண்ட்ஜாய், பெண்களுக்கான தலையணிகளைச் செய்த பிரெஞ்சுக்காரர். அவரிடம் தொழில் கற்ற ஸ்டீபன் பெலட்டுக்கும் அவர் மகள் மேரிக்கும் 1604 நவம்பரில் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அதற்கு முன் இளைஞரை இசையவைக்கும் பொறுப்பை மேரியின் தாய், அவ்வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். குடியிருந்தவர் நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியர்.

மாமனார் வாக்களித்த சீதனத்தைத் தரவில்லை என்று எட்டாண்டுகளுக்குப் பின் பெலட் வழக்குத் தொடுத்தார். 60 பவுண்டு ரொக்கமும், உயில் வழியாக 200 பவுண்டும் தருவதாகச் சொல்லப்பட்டது என்பது அவர் வாதம். ஷேக்ஸ்பியர் முன்னிலையில் இருவரும் சம்மதம் தெரிவித்து உறுதி செய்துகொண்டனர் என்று டேனியல் நிக்கலஸ் என்னும் சாட்சி கூறினார். அவர்கள் கையோடு கை கொடுத்ததைக் குறிக்கும் சொற்கள் அந்த வாக்குமூலத்தில் எழுதப்பட்டு, பின்னர் அடிக்கப்பட்டுள்ளன.

1612 மே 11 அன்று ஷேக்ஸ்பியர் சாட்சியம் அளித்தார். பெலட் நல்லவர் என்றார், சீதனம் தருவதாகப் பேச்சு இருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டார். எவ்வளவு, எப்போது என்பது நினைவில்லை என்றார். வழக்கு லண்டனில் இருந்த பிரெஞ்சுத் திருச்சபையின் மூப்பர்களிடம் அனுப்பப்பட்டது. அவர்கள் பெலட்டுக்கு 20 நோபிள், அதாவது 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் மட்டும் வழங்கத் தீர்ப்பளித்தனர். இந்த ஆவணங்களை அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் வில்லியம் வாலஸும் அவர் மனைவி ஹல்டாவும் 1909இல் லண்டன் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தனர். மேரியின் திருமணம் தேவாலயத்தில் நடந்ததால் அதில் ஐயம் எழவில்லை. வாய்ச்சொல்லாக மட்டும் நின்ற சீதனமே சாட்சியின் மறதியில் கரைந்தது.

சட்டத்தின் முடிவு

1563இல் திரெந்துப் பொதுச்சங்கம், பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்று கத்தோலிக்க நாடுகளுக்கு அறிவித்தது. ரோமிலிருந்து ஏற்கனவே பிரிந்துவிட்ட இங்கிலாந்தை அது கட்டுப்படுத்தவில்லை. அங்கே பழைய சட்டம் மேலும் இரு நூற்றாண்டுகள் நீடித்தது. ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. குவேக்கர்கள், யூதர்கள் நீங்கலாக அனைவரும் முன்னறிவிப்போ உரிமமோ பெற்று ஆங்கிலத் திருச்சபையில் மணக்க வேண்டும் என்றாயிற்று. வாய்மொழி உறுதியைக் காட்டித் திருமணத்தை வலியுறுத்தும் வழக்குகளும் முடிவுக்கு வந்தன.

இச்சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தவில்லை. எல்லையைக் கடந்தால் சாட்சிகள் முன் சொல்லும் சொல் போதும். வீட்டார் எதிர்த்த ஆங்கிலக் காதலர்கள் கிரெட்னா கிரீன் என்னும் எல்லையூருக்கு ஓடியது இதனால்தான். ஸ்காட்லாந்திலும் 1939ஆம் ஆண்டுச் சட்டம் வாய்மொழி அறிவிப்பால் ஆகும் திருமணத்தை ஒழித்தது. அது 1940 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஓராண்டும் ஒரு நாளும்

காலப்போக்கில் கைப்பிணைப்பைப் பற்றிய கதைகள் வளர்ந்தன. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் பழைய வழக்கம் இருந்ததாக மார்ட்டின் மார்ட்டின் 1703இல் எழுதினார். தாமஸ் பென்னன்ட் தம் 1772ஆம் ஆண்டுப் பயணத்தை விவரிக்கையில் எஸ்க்டேல்மியூர் சந்தையைக் குறிப்பிட்டார். கறுப்பு எஸ்க், வெள்ளை எஸ்க் என்னும் இரு ஆறுகள் கூடும் இடத்தில் ஆண்டுக்கொரு முறை சந்தை கூடும். மணமாகாத ஆணும் பெண்ணும் அங்கே துணையைத் தேர்ந்து அடுத்த சந்தைவரை சேர்ந்து வாழ்வர். பிடித்தால் தொடர்வர், இல்லையெனில் பிரிவர். குழந்தை பிறந்திருந்தால் பிரிய விரும்பியவரே அதை வளர்க்க வேண்டும். வால்டர் ஸ்காட் 1820இல் வெளியிட்ட ‘தி மொனாஸ்டரி’ நாவலில் ஓராண்டும் ஒரு நாளும் நீடிக்கும் கைப்பிணைப்பை எழுதியபின் இக்கதை ஐரோப்பா எங்கும் பரவியது.

சட்ட வரலாற்றாய்வாளர் ஏ. ஈ. ஆன்டன் 1958இல் ‘ஸ்காட்டிஷ் ஹிஸ்டாரிக்கல் ரிவியூ’ இதழில் இந்நம்பிக்கையை ஆராய்ந்தார். கைப்பிணைப்பு நடைமுறையில் இருந்த காலத்து ஆவணங்களில் அது நிச்சயத்தையோ முறைசாராத் திருமணத்தையோதான் குறிக்கிறது, சோதனைத் திருமணத்தை அல்ல என்பது அவர் முடிவு. பழைய திருச்சபைச் சட்டம் மறந்துபோனதால், பாதிரியார் இல்லாத திருமணத்தைத் தற்காலிக உறவாகப் பின்னோர் புரிந்துகொண்டனர். ஆயினும் கேலிக் மொழி பேசிய தீவுகளில் கால வரையறை கொண்ட உறவுகள் முற்றிலும் கற்பனை அல்ல. 1609ஆம் ஆண்டு அயோனா சட்டங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் செய்துகொள்ளும் திருமணங்களைத் தடை செய்தன. இந்த இருவேறு வழக்கங்களும் பிற்காலக் கதையில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

பேகன் சடங்காக மறுபிறப்பு

பிரிட்டனில் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்ட் கார்டினர் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ நூலை வெளியிட்டு விக்கா என்னும் பேகன் சமயத்தை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் விக்கா சமயத்தவர் தம் திருமணச் சடங்குக்குக் கைப்பிணைப்பு என்னும் பழைய பெயரை எடுத்துக்கொண்டனர். அவர்களுடைய பிற சடங்குகளில் கயிற்றுக்கு முன்பே இடம் இருந்தது. 1995இல் வந்த ‘பிரேவ்ஹார்ட்’ திரைப்படத்தில், மறைவாக மணக்கும் இருவரின் கைகள் துணியால் கட்டப்படும் காட்சி இச்சடங்கைப் பேகன் அல்லாதோரிடமும் கொண்டுசேர்த்தது.

சடங்கு பெரும்பாலும் திறந்தவெளியில் நடைபெறும். நடத்துபவர் வட்டம் அமைத்து, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்குத் திசைகளைக் காற்று, நெருப்பு, நீர், நிலம் ஆகிய பூதங்களோடு சேர்த்து அழைப்பார். மணமக்கள் தாங்களே எழுதிய உறுதிமொழிகளைச் சொல்வர். சிலர் வாழ்நாள் முழுவதற்கும், சிலர் அன்பு நீடிக்கும்வரைக்கும், சிலர் ஓராண்டும் ஒரு நாளுக்கும் வாக்களிப்பர். ஓராண்டுக்குப் பின் மீண்டும் உறுதி செய்வதும் உண்டு. பிரிய நேர்ந்தால் கைப்பிரிப்பு என்னும் தனிச் சடங்கும் இருக்கிறது.

வந்தவர்கள் பார்வையாளராக மட்டும் நிற்பதில்லை. சில திருமணங்களில் பெற்றோரும் நண்பர்களும் ஆளுக்கொரு கயிற்றைக் கொண்டுவந்து கைகளில் சுற்றுவர். சிலவற்றில் மோதிரங்கள் ஒவ்வொருவர் கையாகச் சுற்றிவந்து, ஒவ்வொருவரின் வாழ்த்தையும் பெற்ற பின்னரே மணமக்களை அடையும். மணமக்கள் துடைப்பத்தைத் தாண்டிக் குதிப்பதும், தேன்மதுவையும் ரொட்டியையும் பகிர்வதும், பின் விருந்தும் ஆட்டமும் தொடர்வதும் வழக்கம். குடும்பத்தில் கிறிஸ்தவரும் சமய நம்பிக்கை அற்றோரும் இருப்பதால், என்ன நடக்கிறது என்பதை நடத்துபவர் விளக்கியபடி செல்வதும் உண்டு.

இன்றைய சட்ட நிலை

ஐஸ்லாந்தில் நோர்ஸ் கடவுளரை வழிபடும் ஆசாட்ரூ சங்கம் 1973இல் அரசு அங்கீகாரம் பெற்றது. அதன் திருமணங்கள் சட்டப்படி செல்லும். ஸ்காட்லாந்தின் 1977ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் சமயத் திருமணங்களில் இடத்தைவிட நடத்துபவரின் அங்கீகாரத்தையே முதன்மையாகக் கொள்கிறது. அதன்கீழ் 2004 முதல் பேகன் கைப்பிணைப்புகள் சட்டப்படியான திருமணங்களாகின்றன. 16 வயது நிரம்பிய இரு சாட்சிகள் இருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலை வேறு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் தம்மைப் பேகன் என்றும், சுமார் 13,000 பேர் விக்கா என்றும் பதிவு செய்தனர். ஆனால் 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பெரும்பாலும் கட்டடத்தை அடிப்படையாகக் கொண்டது. மரத்தடியில் நூறு பேர் காண நடந்த கைப்பிணைப்பு சட்டத்தின் முன் திருமணம் ஆகாது. மணமக்கள் பதிவாளர் முன் தனியாக மணக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், உயில் எழுதாமல் ஒருவர் இறக்கும்போது மற்றவர் கணவராகவோ மனைவியாகவோ சொத்துரிமை பெறமாட்டார். பிரிந்தால் மணவிலக்குச் சட்டத்தின் பொருளாதாரப் பாதுகாப்பும் கிடைக்காது. இங்கிலாந்தில் பதிவு செய்யாமல் நிக்காஹ் மட்டும் செய்துகொள்ளும் முஸ்லிம் பெண்களுக்கும் இதே இடர் உள்ளது. கட்டடத்துக்குப் பதிலாக நடத்துபவரை அடிப்படையாகக் கொள்ளுமாறு சட்ட ஆணையம் 2022 ஜூலையில் பரிந்துரைத்தது.

வரலாற்று இடம்

கைப்பிணைப்பின் வரலாற்றில் ஒரு தலைகீழ் மாற்றம் காணப்படுகிறது. இடைக்காலத்தில் சட்டம் சொல்லை ஏற்றது, ஆனால் பல நேரங்களில் சாட்சி இல்லை. இன்றைய இங்கிலாந்தில் சாட்சிகள் நிறைய உண்டு, சட்டம் சொல்லை ஏற்பதில்லை. இரண்டிலும் இழப்பு நேர்வது உறவில் வலிமை குறைந்தவருக்கே. பண்டைய கெல்டிக் சடங்கு என்னும் பெருமை இன்றைய கைப்பிணைப்புக்கு இல்லாமல் போகலாம். ஆனால் இருவர் கைகோத்துத் தம் சொந்தச் சொல்லால் மணந்ததும், அதை உற்றார் கூடி நின்று கண்டதும் பழைய வழக்கமே. கயிற்றின் நுனியை ஒரு தாயோ நண்பரோ பிடித்து நிற்கும்போது, அன்றைய விருந்துக்கு வந்தவர்கள் செய்த அதே வேலையைத்தான் அவர்களும் செய்கிறார்கள்: சொன்ன சொல்லை நினைவில் வைத்திருப்பது.