கொடுக்கப்பட்டவை: ஓர் உறிஞ்சு கோபுரத்தின் வரலாறு

வேதிப் பொறியியல் மாணவர்கள் பயிலும் பிரிப்புச் செயல்முறைப் பாடத்தில் வாயு உறிஞ்சல் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். இன்ன அளவு வாயு, இத்தனை விழுக்காடு மாசுடன், கோபுரத்தின் அடியில் நுழைகிறது. மேலிருந்து நீர் இறங்குகிறது. மாசில் 95 விழுக்காட்டை நீரில் கரைத்து அகற்ற வேண்டும். கோபுரத்தின் உயரம் என்ன? நுழையும் அளவும் அகற்ற வேண்டிய விழுக்காடும் 'கொடுக்கப்பட்டவை'. உயரம் மட்டுமே நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

அந்த இரண்டு எண்களையும் யார் கொடுத்தார்கள் என்று பாடநூல் சொல்வதில்லை. வகுப்பில் யாரும் கேட்பதுமில்லை. இக்கருவியின் வரலாற்றைப் படிக்கும்போது, கண்டுபிடிக்கப்பட்ட விடைகளைவிடக் கொடுக்கப்பட்ட எண்களில்தான் வரலாறு மிகுதியாகத் தங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது. அதைப் பற்றியதே இந்த நீள்பதிவு.

தொடக்கம் சோடாவில் இருக்கிறது. கண்ணாடிக்கும் சோப்புக்கும் துணி வெளுப்பதற்கும் இன்றியமையாத சோடாவைச் சாதாரண உப்பிலிருந்து செய்யும் முறைக்கு நிக்கோலா லெப்லாங்க் 1791 இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். அம்முறையின் முதற்படியில் உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்து சோடியம் சல்பேட்டைத் தருகின்றன; உடன் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறுகிறது. 1820-களில் இம்முறை இங்கிலாந்தின் லிவர்பூல் பகுதியில் பெருந்தொழிலாக வேரூன்றியபோது அவ்வாயுவை யாரும் பொருட்படுத்தவில்லை. புகைபோக்கி வழியாக அது ஊரின் மேல் இறங்கியது. மரங்கள் இலையுதிர்த்தன, பயிர்கள் கருகின, இரும்புக் கருவிகள் அரிக்கப்பட்டன. அத்தொழிலின் முன்னோடியான ஜேம்ஸ் மஸ்பிராட் மீது 1838 இல் லிவர்பூல் நகராட்சி வழக்குத் தொடுத்தது. பல தொழிற்சாலைகள் கண்ட தீர்வு புகைபோக்கியை உயர்த்துவது. அதனால் நச்சு குறையவில்லை. இன்னும் தொலைவிலுள்ள வயல்களுக்குப் பரவியது.

இதற்கிடையில், 1836 இல், வில்லியம் காசேஜ் என்ற சோடா உற்பத்தியாளர் வேறொரு வழியைக் காப்புரிமையாகப் பதிவு செய்திருந்தார். கைவிடப்பட்ட காற்றாலை ஒன்றின் உள்ளே முட்புதர்க் கிளைகளையும் சுள்ளிகளையும் நிரப்பி, மேலிருந்து நீரை ஒழுகவிட்டு, அடியிலிருந்து வாயுவைச் செலுத்தி அவர் சோதித்துப் பார்த்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சுள்ளிகளின் மீது நீர் மென்படலமாகப் பரவும். வாயு அப்படலத்தைத் தொட்டுத் தொட்டு மேலேறும். ஹைட்ரஜன் குளோரைடு நீரில் மிக எளிதில் கரைவது. அறை வெப்பநிலையில் ஒரு கனஅளவு நீர் அதன் 400 மடங்குக்கும் மேலான கனஅளவு வாயுவைக் கரைத்துக்கொள்ளும். பின்னர் சுள்ளிகளின் இடத்தில் கற்கரி வந்தது. இன்று பாடநூலில் நாம் வரையும் நிரப்புப்பொருள் இட்ட கோபுரத்தின் மூதாதை இதுவே.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கருவி 1836 இல் வந்துவிட்டது. ஆயினும் அடுத்த கால் நூற்றாண்டு அப்பகுதியின் காற்று தூய்மையாகவில்லை. கோபுரம் கட்டியவர்களும் அதை முழுமையாக இயக்கவில்லை. கரைத்தெடுத்த அமிலத்திற்கு அன்று போதிய சந்தை இல்லாததால் கோபுரம் அவர்களுக்கு வெறும் செலவாகவே தெரிந்தது. தொழில்நுட்பம் இருந்தது, அதனிடம் எவ்வளவு கேட்பது என்ற எண் இல்லை.

அந்த எண்ணைக் கொடுத்தது சட்டம். நிலவுடைமையாளர்களின் முறையீட்டின் பேரில் டெர்பி பிரபு தலைமையில் 1862 இல் மேலவைத் தெரிவுக்குழு ஒன்று விசாரணை நடத்தியது. 1863 இல் ஆல்கலி சட்டம் நிறைவேறியது. வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடில் குறைந்தது 95 விழுக்காட்டைக் கரைத்தெடுக்க வேண்டும் என்று அது விதித்தது. அதைக் கண்காணிக்க இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் தலைமை ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். 'அமில மழை' என்ற சொற்றொடரைப் பின்னர் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் அவரே. சட்டம் நடைமுறைக்கு வந்த உடனேயே தொழிற்சாலைகளின் சராசரி, விதிக்கப்பட்ட 95 விழுக்காட்டைக் கடந்தது. கால் நூற்றாண்டாக இயலாது எனப்பட்டது சில மாதங்களில் இயன்றது.

இந்த 95 இன் பொருளை இன்றைய மாணவர் தம் கணக்கிலேயே காணலாம். வாயு நீர்த்ததாகவும், கரைந்த மாசு திரும்ப ஆவியாகும் போக்கு புறக்கணிக்கத்தக்கதாகவும் இருந்தால், கோபுரத்திற்குத் தேவையான மாற்ற அலகுகளின் எண்ணிக்கை, அதாவது நாம் என்டியூ என்று அழைப்பது, நுழையும் செறிவுக்கும் வெளியேறும் செறிவுக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கை ஆகும். 95 விழுக்காடு அகற்ற 20 இன் மடக்கை, ஏறத்தாழ 3. 99 விழுக்காட்டிற்கு 4.6. 99.9 விழுக்காட்டிற்கு 6.9. அதாவது எஞ்சும் நஞ்சைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஒவ்வொரு முறையும் 2.3 அலகு உயரம் கூட்டினால் போதும். 1863 இல் இந்தச் சூத்திரம் யாருக்கும் தெரியாது. ஆயினும் 95 இலிருந்து 99 க்குப் போகக் கோபுரம் ஒன்றரை மடங்கு உயர்ந்தால் போதும் என்ற உண்மை அன்றும் கோபுரத்திற்குள் இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாததே குறை.

95 என்ற எண்ணுக்கும் ஒரு குறை இருந்தது. விழுக்காடு என்பது விகிதம். தொழிற்சாலைகள் பெருகப் பெருக, எஞ்சிய ஐந்து விழுக்காடே மொத்தத்தில் பெருந்தொகையாகிவிடும். எனவே 1874 இன் திருத்தச் சட்டம் வெளியேறும் வாயுவின் செறிவுக்கே வரம்பு வைத்தது: ஒரு கன அடிக்கு 0.2 கிரெயின். அத்துடன் 'நடைமுறையில் இயன்ற சிறந்த வழிமுறை' என்ற கோட்பாட்டையும் சேர்த்தது. விழுக்காட்டைக் குறிப்பிடும் கணக்கும் வெளியேறும் செறிவைக் குறிப்பிடும் கணக்கும் நமக்குப் பயிற்சியின் இரு வகைகள். அவற்றுக்கு இடையே உள்ள பதினோரு ஆண்டு ஒரு சமூகம் தன் கேள்வியைத் திருத்திக்கொண்ட காலம்.

இன்னொன்றையும் சட்டம் கேட்க மறந்தது. கரைத்தெடுத்த அமிலம் எங்கே போகிறது? பலர் அதை ஓடைகளில் கொட்டினர். சோடாத் தொழிலின் மற்றொரு கழிவான கால்சியம் சல்பைடுக் குவியலை அவ்வமிலம் தொட்ட இடங்களில் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு எழுந்தது. பிரிப்பு என்பது எதையும் அழிப்பதில்லை. ஓர் ஓட்டத்திலிருந்து மற்றோர் ஓட்டத்திற்கு மாற்றுகிறது. அமிலத்திலிருந்து குளோரினையும் வெளுப்புத் தூளையும் இலாபமாகச் செய்யும் வெல்டன், டீக்கன் முறைகள் பரவிய பின்னரே அது கழிவு என்ற பெயரை இழந்தது.

இந்த ஆய்வாளர் மரபிலிருந்துதான் நம் துறையே பிறந்தது. ஜார்ஜ் டேவிஸ் ஆல்கலி ஆய்வாளராகப் பணியாற்றியவர். பலவகைத் தொழிற்சாலைகளுக்குள் சென்று வந்த அவருக்கு ஓர் ஒற்றுமை தெரிந்தது: பொருள்கள் வேறாயினும் கரைத்தல், வடித்தல், உலர்த்தல், வடிகட்டல் ஆகிய செயல்கள் ஒன்றே. 1887 இல் மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளியில் அவர் ஆற்றிய 12 சொற்பொழிவுகளும் 1901 இல் வெளியிட்ட வேதிப் பொறியியல் கையேடும் இக்கருத்தின் மீது எழுந்தவை. 1888 இல் அமெரிக்காவின் எம்ஐடியில் லூயிஸ் நார்ட்டன் இத்துறைக்கான படிப்பைத் தொடங்கினார். 1915 இல் ஆர்தர் லிட்டில் இச்செயல்களுக்கு 'அலகுச் செயல்பாடுகள்' என்று பெயரிட்டார். 1923 இல் வாக்கர், லூயிஸ், மெக்காடம்ஸ் மூவரும் எழுதிய பாடநூல் வந்தது. அதே ஆண்டில் விட்மன் இருபடலக் கோட்பாட்டை வெளியிட்டார். சுள்ளியின் மீது படர்ந்த நீர்ப்படலம் சமன்பாடாக மாறியது.

இந்தப் பொதுமையாக்கத்தால் நாம் பெற்றது மிகப் பெரிது. ஒரே முறையால் சாராயத்தையும் பெட்ரோலியத்தையும் அம்மோனியாவையும் கணக்கிட முடிந்தது. அதற்காக இழந்ததும் ஒன்றுண்டு. எந்தப் பொருள், எந்த ஊர், யாருடைய மூச்சு என்பன கணக்கின் வெளியே போயின. ஆய்வாளரின் குறிப்பேட்டில் குற்றச்சாட்டாக இருந்த எண், பாடநூலில் 'கொடுக்கப்பட்டது' ஆயிற்று.

இந்தியாவுக்கு இத்துறை இவ்வாறு பொதுமையான பின்னரே வந்து சேர்ந்தது. தேசியக் கல்வி இயக்கத்தின் கிளையாக யாதவ்பூரில் 1921 இல் வேதிப் பொறியியல் படிப்பு தொடங்கியது. 1933 இல் மும்பைப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையும் 1944 இல் சென்னை அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றின. 1947 இல் ஹீராலால் ராய் முன்னின்று இந்திய வேதிப் பொறியாளர் கழகத்தை நிறுவினார். வாயு உறிஞ்சலில் இந்தியப் பங்களிப்பு சிறிதன்று. கேம்பிரிட்ஜில் டேங்க்வெர்ட்ஸிடம் முனைவர் பட்டம் பெற்று 1964 இல் மும்பைக்குத் திரும்பிய எம். எம். சர்மா, வேதிவினையுடன் கூடிய உறிஞ்சலை உலகம் கற்கும் பாடமாக்கியவர்களுள் ஒருவர். காரக் கரைசலில் வாயு கரையும்போது வினையின் வேகம் உறிஞ்சலை எத்தனை மடங்கு விரைவுபடுத்தும் என்பது அவரது ஆய்வின் மையம். புணே தேசிய வேதி ஆய்வகத்தின் துரைசாமியுடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அவ்வாண்டு 1984.

அதே ஆண்டு டிசம்பர் 2 ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டி, போபால் யூனியன் கார்பைடு ஆலையின் இ-610 என்ற தொட்டியிலிருந்து மீதைல் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. தொட்டியில் இருந்தது சுமார் 40 டன். நீர் உள்ளே புகுந்து கட்டுக்கடங்காத வெப்பவினை மூண்டது. நீர் எவ்வழியே புகுந்தது என்பதில் ஆலை நிறுவனத்திற்கும் மற்றவர்களுக்கும் இடையே வாதம் உண்டு. ஆனால் அவ்வாயு வெளியேறிய வழியில் எரிசோடாக் கரைசல் சுழலும் ஒரு வாயுக் கழுவுகலம் இருந்தது என்பதில் வாதமில்லை. காரக் கரைசலில் வினையுடன் கூடிய உறிஞ்சல். நம் நாட்டு ஆய்வகங்கள் உலகுக்குக் கற்பித்த அதே பாடம்.

அன்றிரவு அக்கலம் முறையாக இயங்கியதா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. குளிர்விப்பு அமைப்பு பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. எரிகோபுரத்திற்குச் செல்லும் குழாய் பழுது பார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. எனினும் ஒரு பொறியாளரை மிகவும் உலுக்க வேண்டியது இன்னொரு செய்தி. கலம் குறைவின்றி இயங்கியிருந்தாலும் அந்த வெள்ளத்தை அது தாங்கியிருக்காது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பீறிட்ட வாயுவின் வேகம் அதன் வடிவமைப்பு அளவைப் பன்மடங்கு மிஞ்சியது. அன்றாடம் கசியும் சிறிய அளவுக்கே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. அந்தச் சிறிய அளவுக்கு உயரமும் விட்டமும் பிழையின்றிக் கணக்கிடப்பட்டிருக்கலாம். பிழை, கணக்கிற்கு முன்னால், நுழையும் அளவாகக் கொடுக்கப்பட்ட எண்ணில் இருந்தது. தொட்டி முழுவதும் ஒரே இரவில் பொங்கினால் என்ன ஆகும் என்பதைக் கொடுக்கப்பட்டவற்றுள் யாரும் சேர்க்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர்.

இங்கும் எண்களைத் திருத்த வந்தது சட்டமே. 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தில்லியில் 1985 இல் நேர்ந்த ஓலியம் கசிவு வழக்கில், இடர்மிகு தொழில் நடத்துவோரின் பொறுப்பு விலக்கற்றது என்று உச்ச நீதிமன்றம் 1986 இல் தீர்ப்பளித்தது. 1987 இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் இடர்மிகு செயல்முறைகளுக்கென்றே தனி இயல் சேர்ந்தது.

கதை முடிந்துவிடவில்லை. அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் நடுவண் அரசு வரம்பு விதித்து, இரண்டாண்டு காலக்கெடு தந்தது. சுண்ணக்கல் கலந்த நீரால் புகையைக் கழுவி ஜிப்சமாக மாற்றும் கோபுரம் அதற்குரிய கருவி. 1930-களிலேயே இலண்டன் பேட்டர்சி மின்நிலையத்தில் புகையைக் கழுவத் தொடங்கியிருந்தார்கள். நம் காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை பெரும்பாலான நிலையங்களை இக்கருவியைப் பொருத்தும் கடப்பாட்டிலிருந்து விடுவித்தது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, செலவு மிகுதி என்பன விலக்குக்குச் சொல்லப்படும் காரணங்கள். அவற்றை எதிர்ப்போரும் உளர். அவ்விவாதம் எப்படி முடிந்தாலும், கோபுரத்தைக் கட்டத் தெரியுமா என்பது அங்கே கேள்வியே அன்று. 1836 க்கும் 1863 க்கும் இடையில் இருந்த கேள்விதான் மீண்டும் நம் முன் நிற்கிறது: எவ்வளவு கேட்பது, யார் கேட்பது?

பாடத்திட்டத்தைப் புரட்டிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாற்ற அலகும் இருபடலக் கோட்பாடும் கட்டாயம் கற்க வேண்டியவை. அவையின்றி எந்தச் சட்டமும் வெறும் விருப்பமே. பயிற்சி வகுப்பு நடத்தும் ஆய்வாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் எளியது. ஒரு பருவத்தில் ஒரே ஒரு கணக்கிலாவது 'கொடுக்கப்பட்டவை' என்ற வரியை வெறுமையாக விட்டு மாணவரிடம் தாருங்கள். நுழையும் அளவை எந்த மோசமான நாளுக்காக எடுத்துக்கொள்கிறாய், வெளியேறும் அளவை யாருடைய மூச்சைக் கருதி வைக்கிறாய், பிரித்தெடுத்ததை எங்கே கொண்டுசெல்வாய் என்று கேளுங்கள். உயரத்தை இன்று மென்பொருள் ஒரு நொடியில் சொல்லிவிடும். இந்த மூன்றுக்கும் விடை சொல்வது இன்னும் பொறியாளரின் கடமையாகவே இருக்கிறது.