பிக்கரிங் என்னும் ஆசிரியரின் வழக்கு

சங்கங்களும் சபைகளும் பாடசாலை நிறுவி நடத்துதல் நம் நாட்டில் நெடுநாள் வழக்கமாதலின், நிருவாகத்தார்க்கும் உபாத்தியாயர்க்கும் இடையே நேரும் பிணக்கு நம் அன்பர்கட்குப் புதியதன்று. பள்ளிப் பணம் செலவாகும் வகையை, அப்பள்ளியிலேயே ஊதியம் பெறும் ஆசிரியர் ஊரறியக் குறை கூறலாமோ? இவ்வினா அமெரிக்க ஐக்கிய நாட்டில் வழக்காய் எழுந்து தீர்க்கப்பட்டது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

இல்லினாய்ஸ் மாகாணத்து லாக்போர்ட் நகரின் உயர்நிலைப் பள்ளியில் மார்வின் பிக்கரிங் என்பார் ஆசிரியராயிருந்தார். அவ்வூர்க் கல்விச் சபையார் புதுப் பள்ளிகள் கட்டக் கடன் திரட்டும் பொருட்டு 1961-ஆம் ஆண்டில் இருமுறை வாக்காளரை நாடினர். 48,75,000 டாலர் வேண்டியபோது மறுத்த மக்கள், பின்னர் 55,00,000 டாலருக்கு இசைந்தனர்! கட்டடங்கள் எழுந்தன. 1964-ல் கல்விச் செலவிற்கென வரியை உயர்த்த வேண்டினர். மே மாதத்திலும் செப்டம்பரிலும் மக்கள் உடன்படவில்லை.

இதன்பின் பிக்கரிங் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் ஒன்று விடுத்தார். சபையார் பணத்தைக் கையாண்ட முறையையும், கல்வியினும் விளையாட்டிற்கு மிகுதியாகச் செலவிட்டதையும், வரியை எதிர்க்கும் ஆசிரியரை மேலதிகாரி வாய்திறக்கவொட்டாது தடுத்ததையும் அதிற் கடிந்தார். கையொப்பமிடுங்கால், ஆசிரியனாகவன்றிக் குடிமகனாகவும் வரி செலுத்துவோனாகவும் வாக்காளனாகவுமே எழுதுவதாகக் குறித்தார். வழக்கின் உயிர்நிலை இக்குறிப்பிலேயே அமைந்தது.

சபையார் வெகுண்டனர். கடிதம் பொய் நிறைந்தது, தம் நற்பெயர்க்கு ஊறு செய்வது, ஆசிரியரிடை ஒழுங்கைக் குலைப்பது என விசாரணை நடத்தி அவரை வேலையினின்று நீக்கினர். மாவட்ட நீதிமன்றமும் மாகாண உயர் நீதிமன்றமும் சபையார் பக்கமே நின்றன. பிக்கரிங் தளராது நாட்டின் தலைமை நீதிமன்றத்தை அடைந்தார்.

1968 ஜூன் 3-ல் தீர்ப்பு வெளிவந்தது. எழுதியவர் தர்குட் மார்ஷல். 1967-ல் அம்மன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பர். அவர்தம் அன்னையாரும் ஓர் ஆசிரியை. வழக்கறிஞராயிருந்த காலத்திற் கறுப்பின ஆசிரியர்க்கு வெள்ளையரோடொத்த ஊதியம் வேண்டி அவர் வாதாடியவர். ஒடுக்கப்பட்டோர் மன்றமேறியதன் பயனை உணர்ந்த நம் வகுப்பார்க்கு இச்செய்தி உவப்பளிக்கும் என்பதனால் இடையே குறித்தோம்.

கடிதத்தின் கூற்றுக்கள் சில பிழையாயிருந்தமையை மன்றம் மறைத்திலது. ஆயினும், பொதுப் பதிவிலுள்ள கணக்குகளாதலின் சபையார் உண்மையை வெளியிட்டு எளிதில் மறுத்திருக்கலாம். கடிதத்தாற் பள்ளிக்குத் தீங்கு விளைந்ததென்பதற்குச் சான்று எதுவும் இல்லை. சபையாரைத் தவிர ஊரார் அதனைப் பொருட்படுத்தவும் இல்லை. பள்ளிப் பணம் எவ்வாறு செலவாதல் வேண்டும் என்பதில் தேர்ந்த கருத்துடையார் ஆசிரியரே என்றும் மன்றம் எடுத்துக் காட்டியது. வருவாய் சுருங்குங்கால் முதற்கண் எது தேயும் என்பதைக் கரும்பலகைமுன் நிற்பவனே அறிவான். இதனை யாம் அநுபவத்தாற் கூறுகின்றோம். பொய்யென அறிந்தோ, மெய்பொய் கருதாத அசட்டையினாலோ எழுதினாரென மெய்ப்பித்தாலன்றி, பொதுநலப் பொருள் பற்றிய பேச்சிற்காக ஆசிரியரை நீக்கலாகாதென்பது முடிவு. நீதிபதி ஒருவர் மட்டும் ஒரு பகுதியில் வேறுபட்டார்.

எனினும், ஆசிரியரின் உரிமையையும் பள்ளி நடைபெறும் ஒழுங்கையும் ஒருங்கு சீர்தூக்கல் வேண்டுமென்றே மன்றம் பணித்தது. வரம்பற்ற உரிமை வழங்கிற்றில்லை. அரசு வழக்கறிஞர் ஒருவரின் அலுவற்குறிப்புப் பற்றிய வழக்கில், கடமையின் பகுதியாய் உரைப்பதற்கு இக்காப்பு இல்லையென 2006-ஆம் ஆண்டில் அம்மன்றமே வரையறுத்தது. பிக்கரிங் தம் கடிதத்தின் ஈற்றில் இட்ட குறிப்போ அதற்கு 42 ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்டது.