தாலந்து என்னும் எடை



நன்றாகப் பாடும் பிள்ளையைப் பார்த்து, "இவனுக்கு நல்ல தாலந்து இருக்கிறது" என்கிறோம். பாட வராதவரோ, "எனக்கு அந்தத் தாலந்து இல்லை, ஐயரே" என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஆங்கிலம் பேசுவோர் நாள்தோறும் சொல்லும் "டேலன்ட்" என்ற சொல்லும் இதுவே. ஆனால் ஒலிவமலையில் ஆண்டவர் மத்தேயு 25ஆம் அதிகாரத்து உவமையைச் சொன்னபோது, கேட்ட சீஷர்களுக்குப் பாட்டோ படிப்போ நினைவுக்கு வந்திராது. வெள்ளிதான் நினைவுக்கு வந்திருக்கும்.

"தாலன்டொன்" என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆதியில் தராசு என்று பொருள். பின்பு அது தராசில் நிறுக்கும் ஓர் எடையைக் குறித்தது; பின்பு அந்த எடையுள்ள வெள்ளியின் மதிப்பைக் குறித்தது. ஏதென்ஸ் நகரத்துத் தாலந்து ஏறக்குறைய 26 கிலோ. 6,000 திராக்மாவுக்குச் சமம். திராக்மாவுக்கு ஏறத்தாழ ஈடான ரோம தெனாரியு, ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒரு தாலந்து என்பது 20 ஆண்டு உழைப்பு! "பாவம், ஒன்றுதான் கிடைத்தது" என்று மூன்றாம் ஊழியக்காரனுக்காக இரங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். (லூக்கா 19இல் வரும் ராத்தல் வேறு. அது அறுபது சேர்ந்தால்தான் ஒரு தாலந்து.)

வெள்ளி எப்படித் திறமையாயிற்று? பிரசங்கபீடமே காரணம் என்று சொல்லலாம். இந்த உவமைக்கு விளக்கம் சொன்னவர்கள், தேவன் மனிதனிடம் ஒப்புவித்த வரங்களே தாலந்துகள் என்று போதித்தார்கள். நல்ல போதனைதான். அதன் விளைவாக 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இச்சொல் ஆற்றலைக் குறிக்கத் தொடங்கியது. பார்வையிழந்த கவிஞர் மில்டன், தம்மிடமிருந்த ஒரு தாலந்து பயனற்றுக் கிடக்கிறதே என்று ஒரு பாடலில் கலங்கியபோது, எஜமானுக்குக் கணக்கொப்புவிக்க வேண்டுமே என்ற பயமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே இருந்தது. காலப்போக்கில் எஜமான் மறைந்தார்; சொல் மட்டும் நின்றது. 1832இல் கவிஞர் கோல்ரிட்ஜ், "டேலன்டெட்" என்ற புதுவழக்கைக் கேட்டுச் சினந்து, அப்படியானால் ஷில்லிங்கையும் காசையும் வைத்தும் மனிதருக்கு அடைமொழி செய்வீர்களா என்று பரிகசித்தார். அவர் சினந்தது இலக்கணத்தைக் குறித்து. ஆயினும் அது பணத்தின் பெயர் என்பதை அவர் மறக்கவில்லை.

நம்முடைய தமிழ் வேதாகமம் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் "தாலந்து" என்றே வைத்துக்கொண்டது. அதனால் சபைக்கு வெளியே பெரும்பாலும் வழங்காத இச்சொல்லுக்குள், ஆங்கிலப் பொருள் எளிதாகக் குடியேறிவிட்டது.

இப்போது 15ஆம் வசனத்தை நிதானமாக வாசியுங்கள். அங்கே "திறமை" என்ற சொல் தனியே நிற்கிறது. எஜமான் அவனவனுடைய திறமையைப் பார்த்தே தாலந்தைக் கொடுத்தான். திறமை ஊழியக்காரனுடையது, தாலந்து எஜமானுடைய ஆஸ்தி. ஆகவே "எனக்குத் தாலந்து இல்லை" என்று சொல்லக்கூடிய ஆள் அந்த உவமையில் இல்லவே இல்லை. உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமரும் அயலகத்து விதவையும், மாதம்தோறும் கைக்கு வரும் சம்பளமும், நீங்கள் அறிந்திருக்கிற சுவிசேஷமும் திறமையல்ல. ஆனாலும் உங்களிடம் ஒப்புவிக்கப்பட்டவையே.

மூன்றாமவன் அதைச் செலவழிக்கவில்லை, திருடவுமில்லை. பணத்தை மண்ணில் புதைப்பது அந்நாளில் பத்திரமான வழியாகவே எண்ணப்பட்டது. எஜமானுக்கு அது போதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து பெற்றவனுக்கும் இரண்டு பெற்றவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு ஒரே வார்த்தைகளில் இருக்கிறது. 100 ஆண்டுக் கூலிக்குச் சமமான அந்த ஐந்து தாலந்தையும் அவர் "கொஞ்சம்" என்றே சொல்லுகிறார்.