மலைக்குப் போன கூண்டுவண்டி

சாத்தான்குளத்தைச் சூழ்ந்த பிரதேசம் பனையின் பிரதேசம். கிழக்கே குதிரைமொழித் தேரி எனப்படும் மணற்காடும், தெற்கே திசையன்விளை, இடையன்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளும், மழை பெய்த சில வாரங்கள் மட்டும் நீர் காட்டி மற்றக் காலமெல்லாம் மணலாய்க் கிடக்கும் கருமேனியாறுமாக அமைந்த இந்நாட்டில், கிணற்றையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த ஜனங்களுக்கு, மழை கழுவிய காலை வேளைகளில் மேற்குத் திசையின் விளிம்பில் நீலமாகத் தோன்றும் மலைத்தொடர், தங்களிடம் இல்லாத செல்வமெல்லாம் சேர்ந்திருக்கும் இடமாகவே தலைமுறை தலைமுறையாகத் தோன்றி வந்திருக்கிறது. அந்த மலையை நாடி ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிப் புறப்பட்ட வழக்கம் ஒன்று இப்பக்கத்தில் இருந்தது. பாளையக்காரர் போர்களையும் கலெக்டர்களின் நிர்வாகத்தையும் விரிவாக எழுதி வைத்த சரித்திரக்காரர்கள் இந்த வழக்கத்துக்கு அதிக இடம் கொடுக்கவில்லை. ஆயினும், பெரும் போர் எதையும் நேரில் காணாத சாமானிய மனிதர் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தங்கள் ஊர் எல்லைக்கு அப்பால் ஓர் உலகம் உண்டென்று காட்டியது இந்த வண்டிப் பிரயாணமே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பிரயாணத்துக்குக் காரணம் பக்தி. தென்பாண்டி நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. வீட்டுப் பெயரும் தொழிலும் மாறினாலும் சாஸ்தா மாறுவதில்லை. தேரிக் குடியிருப்பின் கற்குவேல் ஐயனார், மேலப்புதுக்குடியின் அருஞ்சுனை காத்த ஐயனார் என்று மணல் காட்டிலேயே புகழ் பெற்ற சாஸ்தாக்கள் பலர் கோயில் கொண்டிருக்க, இவர்கள் அனைவருக்கும் மூலஸ்தானமாக எண்ணப்படுபவர் பாபநாசத்துக்கு மேலே, காரையாற்று வனத்தில், தாமிரபரணியின் கரையில் வீற்றிருக்கும் சொரிமுத்து ஐயனார். அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து தங்கள் ஊரில் கோயில் எழுப்புவதைப் பிடிமண் எடுத்தல் என்பார்கள். பிடிமண் கொண்டு வந்த குடும்பம் மூலக்கோயிலை மறப்பது முறையாகாது. ஆகவே, ஆடி அமாவாசை நெருங்கும்போது, பதநீர்ப் பருவம் முடிவை நோக்கித் தளரும் அந்த நாட்களில், பனங்காட்டுக் கிராமங்களில் வண்டிகள் தயாராயின.

வயலுக்கு எரு ஏற்றும் பாரவண்டி வேறு. யாத்திரைக்குப் போகும் கூண்டுவண்டி வேறு. மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து, அவற்றின்மேல் பாய் வேய்ந்து, முன்னும் பின்னும் படுதா தொங்கவிட்டால் அது நகரும் வீடாயிற்று. உள்ளே வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்துக் குழந்தைகளும் கிழவிகளும் படுக்க இடம் செய்வார்கள். வண்டிக்கு அடியில் சாக்கைத் தொட்டிலாகக் கட்டி அதில் பருத்திக்கொட்டையையும் புண்ணாக்கையும் வைத்திருப்பார்கள். அதன் அருகிலேயே லாந்தர் விளக்கு ஆடும். அச்சுக்கு இடுவதற்கென்று வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த மை ஒரு மூங்கில் குழாயில் தயாராயிருக்கும். புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னரே காளைகளுக்கு லாடம் அடித்து, கடையாணியையும் ஆரக்கால்களையும் ஆசாரியிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்வது ஒரு சம்பிரதாயமாகவே இருந்தது. ஓலைக் கடவங்களில் அரிசியும் பருப்பும் கருவாடும், கொட்டான்களில் எள்ளுப்பொடியும் சுக்கும் மிளகும், தனியே ஒரு பெட்டியில் கருப்பட்டியும் ஏறும். பிரயாணத்தின் முதல் நாளுக்கு மட்டும் புளியோதரையும் துவையலுமாகக் கட்டுச்சோறு. மறுநாளிலிருந்து மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவதே வழக்கம். சொந்தமாக வண்டி இல்லாதவர்கள் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்திக் கொண்டார்கள். கூலி வாங்கிக்கொண்டு வண்டி ஓட்ட வந்தவரையும் பிரயாணம் முடியும் வரையில் அண்ணாச்சி என்றே அழைத்தார்கள்; அவர் உண்ணாமல் வீட்டார் உண்பதில்லை.

சாத்தான்குளத்திலிருந்து பாபநாசம் வரையில் ஐம்பது மைலுக்கு மேற்பட்ட வழி. மணிக்கு இரண்டு மைல், மிஞ்சினால் இரண்டரை மைல் நடக்கும் காளைகளுக்கு இது மூன்று நான்கு இரவுகளின் வேலை. இரவு என்றுதான் சொல்ல வேண்டும். ஏனெனில் வெயில் தாழ்ந்த பின் பூட்டி, விடியும்போது அவிழ்ப்பதே வண்டிப் பிரயாணத்தின் நியதி. வழிப்பறிக்கு அஞ்சித் தனி வண்டியாக யாரும் போவதில்லை. பத்துப் பதினைந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல, முன்வண்டிக்காரர் மட்டும் விழித்திருந்தால் போதும், பின்வரும் மாடுகள் தாமே வழி கண்டுகொள்ளும். இட்டமொழி தாண்டும் வரையில் மணல் சக்கரத்தை விடாது. நாங்குநேரியில் வானமாமலைப் பெருமாளின் கோபுரம் கண்டதும் கட்டாந்தரை தொடங்கும். அங்கிருந்து பெருஞ்சாலையை விட்டுக் களக்காட்டை நோக்கித் திரும்பும் கிளைப்பாதையில்தான் பிரயாணத்தின் சுகம் முழுவதும் இருந்தது. மலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் அந்தப் பாதையில், பனை மெல்ல மெல்லக் குறைந்து புளியும் மருதும் மிகுந்து, சேரன்மகாதேவியை அடையும்போது கண்ணெட்டிய தூரம் வயலும் வாழையுமாக விரிந்து கிடக்கும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கைத் தேரிக்காட்டுக் குழந்தை முதன்முதலாகக் காணும்போது அடைந்திருக்கக்கூடிய வியப்பை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு குடம் தண்ணீருக்கு ஊர்க் கிணற்றடியில் காத்திருந்த தாய்மார்கள், கன்னடியன் கால்வாயில் கரை தளும்ப ஓடும் நீரைக் கண்டு கைகூப்பி வணங்கியிருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று ஊர்கள் நெருங்கி வர, மலை நிமிர்ந்து வானத்தில் பாதியை மறைத்துக் கொள்ளும்.

இத்தகைய பிரயாணத்தைத் தாங்கி நின்றது, வழிநெடுகப் பலர் செய்து வைத்த தர்மம். ராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சாலையும் அதன் மரநிழலும் ஒருபுறமிருக்க, பெயர் தெரியாத எத்தனையோ பேர் சுமைதாங்கிக் கல்லும் கல்மண்டபமும் தண்ணீர்ப் பந்தலும் மாட்டுத் தொட்டியும் ஏற்படுத்தி வைத்தார்கள். கர்ப்பிணியாக இருந்து இறந்துபோன மகளின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது இந்நாட்டில் வேரூன்றிய வழக்கம். தன் சுமையை இறக்காமலே போய்விட்ட அந்தப் பெண்ணுக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கும் கல் ஒன்றை நட்ட தந்தையின் மனத்தைவிட உயர்ந்த நினைவுச் சின்னத்தை நான் அறியேன். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்க மக்கள் பட்ட துன்பம் கண்டு, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராயிருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொண்டு 1843-இல் பாலம் நிர்மாணித்ததும் இதே தர்மத்தின் வழியில் வந்ததே. பின்னர் 1871, 1884-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உள்ளூர் போர்டுகள் தோன்றிச் சாலைகள் அவற்றின் பொறுப்பாயின.

பாபநாசத்தில் நீராடிப் பிதுர்க்கடன் செலுத்தியதும் மலையேற்றம் தொடங்கும். ஏற்றத்தில் வல்லவர்கள் இறங்கி நடந்து, சக்கரத்துக்குத் தோள் கொடுத்து, காளைகளின் பாரத்தைக் குறைத்தார்கள். வனத்தில் ஆற்றங்கரையெங்கும் கம்பு நட்டு ஓலை வேய்ந்த குடில்கள் எழும்ப, காடு சில நாட்களுக்கு ஒரு பட்டணமாகும். அங்கே வரும் கூட்டத்தின் விசேஷம், எல்லா ஜாதியாரும் எல்லாத் தொழிலாளரும் ஒரே துறையில் இறங்குவது. சங்கிலி பூதத்தார் முன்னிலையில் இரும்புச் சங்கிலியால் மார்பில் அடித்துக்கொண்டு ஆடுவோர் ஒருபுறம். தளவாய் மாடனுக்கும் தூசி மாடனுக்கும் படையல் இடுவோர் ஒருபுறம். பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவோர் மற்றொருபுறம். செருப்பைக் கோயில் வாசலில் கழற்றி வைப்பதே தமிழகமெங்கும் முறையாயிருக்க, அதையே தெய்வத்துக்குச் சமர்ப்பிக்கும் இந்தச் சந்நிதியின் கதை கேட்கத்தக்கது. அந்தண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் மக்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மலையில் கண்டு காதலித்து, அவர்கள் தந்தை இட்ட நிபந்தனைப்படி தன் குல அடையாளங்களை அகற்றி, செருப்புத் தைக்கக் கற்று, அவர்களை மணந்து, ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது உயிர் விட்டான்; அவனே பட்டவராயன். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தார்கள். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைப் படித்தவர்கள் இதன் ஆழத்தை அறிவார்கள். ஆனால் படிப்பறியாத வண்டிப் பிரயாணிகள் இதை வில்லடிப் பாட்டாகக் காட்டின் நடுவே, இரவில், அக்கதை நடந்ததாகச் சொல்லப்படும் மண்ணிலேயே இருந்து கேட்டார்கள் என்பதை நினைக்கும்போது, புத்தகம் அவர்களுக்குக் கொடுக்க முடியாத ஒன்றை அந்தப் பிரயாணம் கொடுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வனம் சிங்கம்பட்டி ஜமீனைச் சேர்ந்ததாயிருந்தது. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்த பின்னும், ஆடி அமாவாசையன்று ஜமீன்தார் ராஜ உடையில் கொலுவிருந்து ஜனங்களுக்குத் தரிசனம் தரும் மரபு ஒழியவில்லை. பட்டம் கட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தாரான முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் மறையும் வரையில் அவ்வைபவத்தை நடத்தி வந்தார்.

ஆடியில் போனவர்கள் பக்தர்கள் என்றால், ஐப்பசியில் போனவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். பனையேற்று முடிந்து கருப்பட்டி பரண்மேல் ஏறிக் காய்ந்திருக்கும். அப்போது வண்டிகள் பாரம் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயை நோக்கிப் போயின. செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்த பூமியாகையால், அங்கே சவுக்கையில் நின்று சுங்கம் செலுத்தாமல் மலையைக் கடக்க இயலாது. வடகிழக்குப் பருவமழை கணவாயில் பிடித்துக்கொண்டால் நாட்கணக்கில் கூண்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். 1904-இல் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் வந்ததும் இவ்வியாபாரத்தின் பெரும்பகுதி ரயிலுக்குப் போயிற்று. பனங்காட்டுக்குள்ளேயும் பாரி கம்பெனியார் குலசேகரன்பட்டினத்துக்கும் திசையன்விளைக்கும் இடையே ஒரு சிறு ரயிலை ஓட்டினார்கள். அது 1940-இல் நின்றுவிட்டது.

யாத்திரை வண்டிகளை ரயில் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. அவற்றை நிறுத்தியது மோட்டார். பாபநாசத்தில் நீர்மின் நிலையத்துக்காக 1938 முதல் 1944 வரை அணை வேலை நடந்தபோது மலைமேல் நல்ல சாலை ஏற்பட்டது. அச்சாலையில் முதலில் பஸ்ஸும், பின்னர் லாரியும் வேனும் ஏறின. நான்கு இரவுகளின் வழி சில மணி நேரமாயிற்று. மேனாடுகளில் இப்போது படுக்கையும் அடுப்பும் பொருத்திய மோட்டார் வண்டிகளில் இலையுதிர் காலத்து மலைப்பாதைகளில் குடும்பத்தோடு ஊர்ந்து திரிவதைப் பெரிய இன்பமாகக் கொண்டாடுகிறார்கள். வேகத்தை முற்றும் அனுபவித்துவிட்ட சமூகங்கள் தாமே விரும்பி மெதுவான வழிக்குத் திரும்புவதை இதில் காண்கிறேன். நம்மவர்களோ அதைத் தேவையினால் செய்தார்கள், ஆனாலும் குறைவின்றி அனுபவித்தார்கள்.

வண்டிகள் போன வழியில் எதிர்த்திசையாக, மலையின் நீர் இப்போது பனங்காட்டுக்கு வருகிறது. காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில் நிறைவுற்ற 118 அடி மணிமுத்தாறு அணையின் பிரதான கால்வாய் நாங்குநேரி வறட்சியையும் சாத்தான்குளத்து வறட்சியையும் எண்ணியே வெட்டப்பட்டது. தாமிரபரணியின் வெள்ளநீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு வழியாகத் தேரிக்குக் கொண்டுவரும் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கால்வாய் வேலையும் 2009-இல் தொடங்கப்பட்டது. கால்வாயின் கடைமடைக்கு நீர் சேரும் ஆண்டும் உண்டு, சேராத ஆண்டும் உண்டு. கடைமடைக்காரன் குரல் தலைமடைக்கு எட்டும்படி செய்வது இன்னும் மீதமுள்ள வேலை.

சொரிமுத்து ஐயனார் கோயில் அமைந்த காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் தனியார் வாகனங்களை அகஸ்தியர்பட்டியில் நிறுத்தி அரசுப் பேருந்தில் ஜனங்களை ஏற்றிச் செல்வதும், தங்கும் நாட்களைக் குறைப்பதும் சமீப வருஷங்களில் வந்த ஏற்பாடுகள். இவற்றைக் குறித்து மனவருத்தம் கொள்வோர் பலர்; அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் பிளாஸ்டிக் பைகளாலும், பாபநாசத் துறையில் கழற்றி எறியப்படும் துணிகளாலும் ஆற்றுக்கு நேர்ந்துவரும் கேட்டைக் கண்ணால் கண்டவர்கள், காட்டிலாகாவின் கட்டுப்பாட்டை முற்றும் குறை கூற மாட்டார்கள். வண்டியில் போன முன்னோர் அங்கே விட்டு வந்தது சாம்பலும் சாணமும் மட்கும் ஓலையும் மட்டுமே. ஓலைப்பெட்டி முடையும் கைகள் மணப்பாட்டிலும் சாத்தான்குளத்தைச் சுற்றிய கிராமங்களிலும் இன்னும் இருக்கின்றன. ஆடி மாதத்தில் மலைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டிய கடவத்தையும் கொட்டானையும் தட்டையும் இவ்வூர்ப் பெண்களிடமே வாங்கி, அகஸ்தியர்பட்டியில் பேருந்து ஏறும் இடத்திலேயே பிளாஸ்டிக் பைக்கு மாற்றாகக் கொடுக்கும்படி கோயிலாரும் காட்டிலாகாவும் பஞ்சாயத்துகளும் கூடி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன். பதநீர்ப் பருவம் முடியும் தறுவாயில் பனைத் தொழிலாளர் வீட்டுக்கு அது ஒரு மாத வருமானத்தையும் தரும்.