மத்தியூ லூயிஸ்: நிலவறையும் கரும்புத் தோட்டமும்

ஆங்கிலக் கோதிக் நாவலாசிரியருள் மத்தியூ கிரகரி லூயிஸைப் (1775–1818) போல இளமையிலேயே புகழும் பழியும் ஒருங்கே பெற்றவர் சிலரே. ஹேக் நகரிலிருந்த பிரித்தானியத் தூதரகத்திற் பணியாற்றுகையில், பத்தொன்பது வயதில் அவர் எழுதிய 'துறவி' 1796இல் வெளிவந்தது. கன்னிமடத்தின் நிலவறையிலே சங்கிலியிடப்பட்ட பெண், மதவிசாரணையாளரின் சித்திரவதை, சாத்தானுடன் செய்யப்படும் உடன்படிக்கை என்பன வாசகரை நடுங்கவைத்தன. இரண்டாம் பதிப்பிலே தம் பெயருடன் பாராளுமன்ற உறுப்பினர் என்பதையும் அவர் பொறித்தமை கண்டனத்தை வளர்த்தது. சட்டமியற்றுவோர் ஒருவர் இத்தகைய நூலை எழுதுவதா எனக் கோல்றிட்ஜ் சினந்தார். 1798இல் லூயிஸ் நூலைத் தாமே திருத்தி வெளியிட்டார்.

இக்கற்பனைக் கொடுமைகளைக் கண்டித்த சமூகம் சீனியை உண்ணத் தயங்கவில்லை. 1812இல் தந்தையார் இறக்கவே, யமேக்காவின் கரும்புத் தோட்டங்களும் ஐந்நூறுக்கு மேற்பட்ட அடிமைகளும் லூயிஸின் உடைமையாயின. 1816 தொடக்கத்தில் அங்கு சென்ற அவர், தம் தோட்டத்திற் சவுக்கைத் தடைசெய்தார்; அடிமைகளின் ஓய்வு நாட்களைக் கூட்டினார். அயற்றோட்ட வெள்ளையர் இதனை விரும்பவில்லை. ஆயினும் அவர் அடிமைகளை விடுதலை செய்தாரல்லர். அவ்வாண்டு ஓகஸ்டில் ஜெனீவா ஏரிக்கரையில், பைரன், ஷெல்லி, பொலிடோரி மூவரும் சாட்சியாகக் கையொப்பமிட்ட மரணசாசன இணைப்பில், தமக்குப் பின் உரிமைபெறுவோரும் தோட்டத்திற்குச் சென்று தங்கவேண்டும் என்றே விதித்தார். கருணை மிகுந்த உடைமையாளர் என்பதே அவர் கண்ட எல்லை.

இரண்டாம் பயணத்திலிருந்து திரும்புகையில், 1818 மே மாதம், மஞ்சட் காய்ச்சலாற் கப்பலிலேயே இறந்தார். உடல் கடலில் இடப்பட்டது. 'துறவி'யினும் ஆழமானதெனக் கொள்ளத்தக்க அவரது யமேக்கா நாட்குறிப்பு 1834இல் அச்சேறியது. அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே.