டேஷ்போர்டுக்குப் பளபளப்பு வந்த கதை

கார் அலங்காரச் சாமான் விற்கும் கடையில் உள்ளறைக்கென்றே ஒரு தட்டு நிறையக் குப்பிகள் இருக்கும். ஒன்று அழுக்கை எடுக்கும் என்கிறது, ஒன்று தோலுக்கு ஊட்டம் தரும் என்கிறது, இன்னொன்று டேஷ்போர்டை வெயிலிலிருந்து காத்து, புதிதில் இருந்த மினுக்கைத் திருப்பித் தரும் என்கிறது. எதை வாங்குவது என்று விலையையும் பெயரையும் பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கம். ஆனால் இந்தக் குப்பிகள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் வேறொரு விஷயம் புலப்படும். காரின் உள்ளறை எதனால் ஆனது என்பது சுமார் நூறாண்டுகளுக்குள் பலமுறை அடியோடு மாறியிருக்கிறது. துடைக்கிற சரக்கோ ஒவ்வொரு முறையும் பழைய உள்ளறையை நினைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஊட்டம் என்ற பேச்சு குதிரை லாயத்துச் சொத்து. மினுக்கு, காரின் வெளிப் பெயின்டுக்கு உரியது. இன்றைய இருக்கைக்கும் டேஷ்போர்டுக்கும் இவை இரண்டுமே பெரும்பாலும் வேண்டாதவை என்பது என் கட்சி.

ஆரம்பகாலக் கார்களின் கூடுகளைக் குதிரை வண்டிப் பட்டறைக்காரர்களே கட்டினார்கள். கூரை இல்லாத வண்டி. மழை, புழுதி, வெயில் எல்லாம் நேராக இருக்கையில்தான் விழும். அதற்கு ஈடுகொடுத்தது மாட்டுத்தோல். அதைப் பேணும் வித்தையும் லாயத்திலேயே தயாராக இருந்தது: சேணத்துக்கான சோப்பு, மாட்டின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பையும் பாதத்தையும் கொதிக்கவைத்து எடுத்த எண்ணெய். சேணத் தோல் நனைந்து காயும்போது அதன் நார்களுக்கிடையே உள்ள கொழுப்பு குறையும், தோல் விறைக்கும், பிறகு வெடிக்கும். எண்ணெய் அந்த இழப்பை ஈடுகட்டியது. ஆகவே ஊட்டம் என்பது அன்று வெறும் விளம்பர வார்த்தை அல்ல, நடந்த காரியம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செல்வந்தர்களின் பெரிய கார்களில் திறந்த முன்பகுதியில் அமர்ந்த ஓட்டுநருக்குத்தான் தோல் இருக்கை. கண்ணாடிக்குப் பின்னால் மூடிய அறையில் அமர்ந்த முதலாளிக்கு மெல்லிய கம்பளித் துணி. மழையில் நனைகிறவனுக்குத் தோல், நனையாதவனுக்குத் துணி என்பதே கணக்கு. தோல்தான் சொகுசு என்ற இன்றைய எண்ணம் பின்னால் வந்தது.

அந்தக் கணக்கைக் கவிழ்த்தது கூரை. 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1927-இல் அது 85 சதவீதம் ஆகிவிட்டது. 1922-இல் எசெக்ஸ் நிறுவனம் தன் மூடிய காரைத் திறந்த காரைவிடச் சற்றே கூடுதலான விலைக்குக் கொண்டுவந்தது இந்த வேகத்துக்கு ஒரு முக்கியக் காரணம். மழை உள்ளே வராத இடத்தில் மழைக்கான வைத்தியம் எதற்கு? சாதாரணக் கார்களுக்குள் கம்பளியும் மொஹேர் துணியும் வந்தன. தூரிகையும் வீட்டுத் தூசு உறிஞ்சியும் போதுமானதாயின. விலை குறைந்த வண்டிகளுக்குப் போலித்தோல் வந்தது. வெடிமருந்துக்காக நைட்ரோசெல்லுலோஸ் செய்துகொண்டிருந்த டூபான்ட், அதே சரக்கைத் துணியில் பூசி விற்ற ஃபேப்ரிகாய்டு நிறுவனத்தை 1910-இல் வாங்கியது. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைடு என்ற ஊரில் அதே வகைத் துணிதான் ரெக்சின் என்ற பெயரில் தயாரானது. நம் ஊரில் ஆட்டோ சீட்டு தைக்கும் கடைகளில் இன்று ரெக்சின் என்று கிடைப்பது பிவிசி பூசிய துணி; அசல் சரக்கு வேறு. இரண்டிலும் பொதுவான குணம் ஒன்று உண்டு: மேற்பரப்பு மூடியது. நாரே இல்லாத இடத்தில் எண்ணெய் எதற்குள் இறங்கும்? தடவினால் மேலே நின்று புழுதியைப் பிடித்துக்கொள்வதுதான் மிச்சம்.

பிவிசி தானாகவே மென்மையான பொருள் அல்ல. 1926-இல் குட்ரிச் நிறுவனத்தின் வால்டோ செமன் அதனுடன் பிளாஸ்டிசைசர் கலந்து வளையச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் இருக்கைகளில் வைனில் பரவ அதுவே வழிவிட்டது. அந்தப் பிளாஸ்டிசைசர் பிவிசியோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்வதில்லை. சூடேறினால் மெல்ல வெளியேறும். புதுக் காரின் முன் கண்ணாடியில் உட்புறம் படியும் மங்கல் படலத்தில் அதற்கும் பங்குண்டு. போனது திரும்பாது, வைனில் கெட்டிப்படும். கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி 1965-இல் ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகமும் 1966-இன் பாதுகாப்புச் சட்டமும் அமெரிக்கக் கார்களின் உள்ளறையை மாற்றின. விபத்தில் தலை மோதினால் அடி குறைய வேண்டும் என்ற விதி 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தபின், நுரை மெத்தைமேல் வைனில் போர்த்திய டேஷ்போர்டு பொது வழக்கமாயிற்று. அதே நாளில் அமலான இன்னொரு விதியும் உண்டு. ஓட்டுநரின் கண்முன் உள்ள ஹாரன் வளையம், கண்ணாடிச் சட்டம் போன்ற உலோகப் பகுதிகள் கண்ணைக் கூசவைக்கும் அளவுக்கு மின்னக் கூடாது என்றது அது. உயிரைக் காக்க வந்த மெத்தை டேஷ்போர்டு வெயிலில் வெடித்தது. மினுக்குக் கூடாது என்ற விதி பிறந்த நாலே வருடத்தில் மினுக்கை விற்கும் வியாபாரம் பிறந்தது.

ஜோ பால்ச்சர் என்ற வேதியியலர் 1960-களில் சிலிக்கோன் அடிப்படையில் ஒரு திரவத்தை உருவாக்கியிருந்தார். 1972-இல் ஆலன் ரிபின்ஸ்கி அதன் உரிமையைப் பெற்று ஆர்மர் ஆல் என்று பெயரிட்டு விற்றார். 1979-இல் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் மெக்கெசன் அதை வாங்கியது. 1996-இல் வெளுப்பான் விற்றுப் பெயர் பெற்ற குளோராக்ஸின் கைக்குப் போனது. அதன் வெற்றியின் சூத்திரம் எளிது. வெளிறிய வைனிலின் நுண்ணிய கீறல்கள் ஒளியைச் சிதறடிக்கும். சிலிக்கோன் எண்ணெய் அந்தக் கீறல்களை நிரப்பினால் சிதறல் குறைந்து நிறம் கறுத்துத் தெரியும். பத்து வருட டேஷ்போர்டு பத்தே நொடியில் புதிதாகிவிடும். கார் பெயின்டுக்கு மெழுகு தேய்த்துப் பழகிய கண்ணுக்கு மின்னினால் பேணியதாக அர்த்தம். அந்த நம்பிக்கை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது. ஆனால் சிலிக்கோன் தானே புற ஊதாக் கதிரைத் தடுப்பதில்லை. அதற்கென்று சேர்க்கும் வேறு வேதிப்பொருள்தான் தடுக்க வேண்டும். அதுவும் கைபட்டுத் தேய்ந்துபோகும் மெல்லிய படலத்தில் எத்தனை நாள் தங்கும்?

இதற்கு மறுப்பு உண்டு. விடாமல் தடவியவர்களின் டேஷ்போர்டு பிழைத்தது, தடவாதவர்களுடையது வெடித்தது என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். ஆனால் வாரம் தவறாமல் துடைக்கிறவர் வண்டியை நிழல் பார்த்து நிறுத்துகிறவராகவும், கண்ணாடிக்கு மறைப்பு வைக்கிறவராகவும் இருப்பதுதான் இயல்பு. எது காத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அரிசோனாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வொன்றில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இருக்கை 51 டிகிரி. பிளாஸ்டிசைசரை விரட்டும் இந்தச் சூட்டை எந்தப் படலமும் நிறுத்தாது, ஓர் அட்டை மறைப்பு கணிசமாகக் குறைக்கும். மினுக்கை விரும்புவது அவரவர் ரசனை என்பது இரண்டாவது மறுப்பு. ரசனையில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மின்னும் டேஷ்போர்டு முன் கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே வருவதை மங்கலாக்கும், ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் பட்டால் வழுக்கும். ரசனையைப் பாதுகாப்பு என்ற பெயரில் விற்பதில்தான் தகராறு. மூன்றாவது மறுப்பில் நியாயம் இருக்கிறது. எல்லாச் சரக்கும் ஒன்றல்ல. நீரில் கரைத்து, மினுக்கின்றி, புற ஊதாத் தடுப்பான் சேர்த்துத் தயாராகும் இன்றைய வகைகள் பழையதைவிட உண்மையிலேயே மேல். வைனில் போர்த்திய பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அவை உதவும். ஆனால் இப்போது பல கார்களின் டேஷ்போர்டு பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். வெளியேறுவதற்குப் பிளாஸ்டிசைசரே இல்லை, வெயில் தடுப்பானும் வார்க்கும்போதே கலந்துவிடுகிறது.

இருக்கையின் கதையும் அப்படியே. பெரும்பாலான கார்களில் இன்று தோல் என்பது நிறமும் பாலியூரித்தேனும் பூசிய தோல். அதிலும் உடம்பு படும் இடத்தில் மட்டும் தோல், பக்கவாட்டிலும் பின்புறத்திலும் வைனில் என்பது பரவலான ஏற்பாடு. அந்தப் பூச்சைக் கெடுப்பது வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும். மிதமான சோப்பு நீரும் மென்மையான துணியும் அவற்றை எடுத்துவிடும். ஊட்டக் குழம்பு உள்ளே போக வழியில்லை. பூச்சு இல்லாத அனிலின் தோலுக்கு மட்டும் பழைய வைத்தியத்தில் இன்னும் அர்த்தம் உண்டு; அது விலையுயர்ந்த சில கார்களில்தான் இருக்கிறது. ஒரு சொட்டு நீரை விட்டுப் பார்த்தால் போதும், தோல் உறிஞ்சுகிறதா, மேலே முத்தாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். துணிக்குக் கறை தடுப்பு என்று 3எம் நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த ஸ்காட்ச்கார்டின் கதி வேறு: அதிலிருந்த வேதிப்பொருள் சுற்றுச்சூழலிலும் மனித ரத்தத்திலும் அழியாமல் தங்குவது தெரிந்து, 2000-இல் நிறுவனமே அந்த வேதிப்பொருளைக் கைவிடுவதாக அறிவித்தது.

2020-இல் கொரோனா வந்தபோது காரின் உள்ளே எதைக் கொண்டு துடைப்பது என்ற கேள்வி மறுபடி எழுந்தது. பெரும்பாலான பரப்புகளுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஆகும், பிளீச் கூடாது என்பது அறிவுரை. தொடுதிரைக்குத் தனி எச்சரிக்கை இருந்தது: அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் படவே கூடாது. ஜன்னல் கண்ணாடிக்கென்று செய்த அந்தத் திரவம், திரையின் கண்கூச்சத்தைக் குறைக்கப் பூசிய மேற்பூச்சை அரித்துவிடும்.