ரயில் அட்டவணையும் ஊசிமுனையும்

1890களில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மி.மீ. வரை குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் சோதித்த அலைகளில் குறுகியவையே 60 செ.மீ.க்கு மேல் நீண்டவை. போஸின் கருவிகளோ ஒரு மேசையில் அடங்கின. அவற்றுள் ஒன்று ‘பிராட்ஷா’ என்ற ரயில் கால அட்டவணை. அதன் பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாள்களைச் செருகி அலையின் பாதையில் வைத்தார். மின்புலம் தாள்களுக்கு இணையாக அதிர்ந்தால் அலை தடைபடும். செங்குத்தாக அதிர்ந்தால் இடுக்குகளில் நுழைந்து மறுபுறம் வந்துவிடும். புத்தகத்தைத் திருப்பினாலே கதவைத் திறந்து மூடியதுபோல்தான்.

உலோகம் அலைக்கு வழிகாட்டவும் கூடும்: 1899இல் ஜெர்மனியில் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட், ஒற்றை உலோகக் கம்பியின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டும் அலை செல்லும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

போஸின் அலைகளைவிடவும் குறுகியவை டெராஹெர்ட்ஸ் அலைகள். ஒரு டெராஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அலையின் நீளம் 0.3 மி.மீ. 1980களில் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஆஸ்டன் குழுவினர் லேசர் ஒளியைக் கொண்டு இந்த அலைகளைத் துடிப்புகளாக உண்டாக்கினர். ஒரு துடிப்பின் ஆயுள் ஏறத்தாழ ஒரு பிக்கோநொடி. அதற்குள் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். சிக்கலும் அங்கேதான். உள்ளீடற்ற உலோகக் குழாயில் ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுவதால், கூர்மையாக நுழைந்த துடிப்பு இழுபட்டு நீண்டு வெளிவரும்.

2001இல் ஓக்லஹோமாவில் மெண்டிஸும் கிரிஷ்கோவ்ஸ்கியும் இரு செப்புத் தகடுகளைச் சிறு இடைவெளியில் இணையாக நிறுத்தினர். துடிப்பு உருக்குலையாமல் கடந்தது. மின்புலம் தகடுகளுக்குச் செங்குத்து. பிராட்ஷாவின் இரண்டு தாள்களைத் தனியே உருவி எடுத்ததாகவே இதைக் கொள்ளலாம். 2004இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் வாங், மிட்டில்மன் இருவரும் 0.9 மி.மீ. விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் மேல் துடிப்பை ஓடவிட்டனர். சோமர்ஃபெல்டின் கணக்குக்கு நூற்றாண்டு கழித்து வந்த பயன் இது. கம்பியை அலை தளர்வாகத்தான் பற்றுகிறது. வளைவு வந்தால் ஒரு பகுதி விலகிச் சிதறிவிடும்.

உலோகப் பரப்பை ஒட்டிச் செல்லும் அலைகள் கம்பியோடு நின்றுவிடவில்லை. அலைநீளத்தைவிடச் சிறிய துளை வழியே மிகச் சொற்பமான அலையே கசியும் என்று 1944இல் ஹான்ஸ் பெத்தே கணித்திருந்தார். 1998இல் எபெசன் குழுவினர் உலோகப் படலத்தில் வரிசையாக நுண்துளைகளிட்டபோது, சில அலைநீளங்களில் அந்தக் கணிப்பைவிடப் பன்மடங்கு ஒளி கடந்தது. துளைகளுக்கிடையே மேற்பரப்பில் பரவும் அலைகளே முக்கியக் காரணம் என்றனர். டெராஹெர்ட்ஸிலும் இதே விளைவு விரைவில் காணப்பட்டது.

2008இல் ஜெர்மனியில் உலோக ஊசிமுனையில் டெராஹெர்ட்ஸ் அலையைக் குவித்து, குறைக்கடத்திச் சில்லில் 40 நானோமீட்டர் நுணுக்கம் வரை பார்த்தனர். அங்கே பயன்பட்ட அலையின் நீளம் அந்த நுணுக்க அளவைப்போல் சுமார் 3,000 மடங்கு.